நாலாம் பாட்டில் விடுபட்ட பெயர்

1

இதை நான் கதையாகத் தொடங்கவில்லை. போலந்திலிருந்து ஒருவர் எங்களுடைய பழைய இறுவட்டின் பாடல் வரிகளைக் கேட்டார். ஏழு பாட்டு. தட்டச்சுச் செய்து அனுப்பினால் முடிந்தது, அரைநாள் வேலை. மாதக்கணக்காகியும் அனுப்பவில்லை. ஏன் அனுப்ப முடியவில்லை என்பதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். என் ஆங்கிலம் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது, என்னைப் போலவே. ஆகவே உங்களுக்குத் தமிழில் விளக்குகிறேன். நீங்கள் கேட்கவில்லை என்பது தெரியும்.

முதலில் இப்படி ஓர் ஆரம்பம் எழுதினேன்:

"மட்டக்களப்பு வாவியின் மீது நிலவு சரிந்திருந்தது. அடியாழத்தில் மீன்கள் பாடத் தொடங்கின, அப்போது —"

நிறுத்திவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எவரும் மூன்றாம் வரிக்குள் அந்த மீன்களைப் பாட வைத்துவிடுகிறார்கள். நான் ஐஸ் பக்டரியில் இரவு வேலை செய்கிறவன். விடிய விடிய மீன்களோடுதான் இருக்கிறேன். ஒன்றாவது வாய் திறந்து பாடியதில்லை.

இரண்டாவது ஆரம்பம்:

"யுத்தத்தின் காயங்களிலிருந்து பிறந்தது இந்த இசை. அதை —"

இது போலந்துக்காரருக்குப் பிடிக்கும். 'காயம்' என்ற சொல்லை அவர் மின்னஞ்சல்தோறும் போட்டிருந்தார். காயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் எங்கள் இசை அதிலிருந்து பிறக்கவில்லை. லக்ஷனின் மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து பிறந்தது. அதில் பாதி இந்திப்படங்கள்.

ஆகவே ஆரம்பம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2

டெத் மெட்டல் தெரியாதவர்களுக்கு: கிற்றாரின் சுருதியைக் கிணற்றடிக்கு இறக்க வேண்டும். டிரம்மைத் தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் அடிக்க வேண்டும். பாடுகிறவர் பாடக்கூடாது, உறும வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்பது ஒருவருக்கும் விளங்கக்கூடாது. விளங்கினால் அவருக்கு இன்னும் பயிற்சி போதாது.

எங்கள் குழுவின் பெயர் 'உவர்'. அன்ரோ உறுமினான், லக்ஷன் டிரம் அடித்தான், நான் கிற்றார். 2012இல் மட்டக்களப்பில் ஒரு மெட்டல் இசைச் சூழல் செழித்திருந்ததாக இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். செழித்துத்தான் இருந்தது. மொத்தம் மூன்று குழு. ஒன்று வாசிக்கும்போது மற்ற இரண்டும் பார்வையாளர்கள். ஒரு குழுவுக்குள் சண்டை வந்தால் ஊரின் ரசிகர் தொகை மூன்றிலொன்றால் குறையும்.

வெளியாட்கள் முன்னால் ஒரே ஒரு தடவை வாசித்தோம். கல்லடியில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் சித்திரை விழா. கயிறிழுத்தலுக்கும் பரிசளிப்புக்கும் நடுவே 'மேலைத்தேய மெல்லிசை' என்று அறிவித்தார்கள். இரண்டாம் பாட்டில் முன்வரிசையில் ஒருவர் எழும்பி ஓடினார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஓடியது கட்டாடியாரைக் கூட்டிவர. அம்மன் கோயில் சடங்கில் தெய்வம் ஏறியவர்களோடு கதைக்கத் தெரிந்தவர் அவர். கையில் தேசிக்காயும் திருநீறுமாக மேடைக்கு ஏறிவந்து அன்ரோவின் முகத்துக்கு நேரே நின்றார்.

"ஆரு நீ? என்ன வேணும், சொல்லு!"

அன்ரோ பாட்டின் நடுவில் இருந்தான். அவர் முகத்திலேயே உறுமினான்.

கட்டாடியார் காதைக் கிட்டக் கொண்டுபோய் நிதானமாகக் கேட்டார். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது நம்மட ஆளில்ல. வேதக்காரர்ர. ஃபாதருக்கிட்டக் கொண்டு போங்க."

எங்கள் இசைக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. அன்ரோ கத்தோலிக்கன் என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடித்தாரே.

3

இறுவட்டின் பெயர் 'கரையொதுங்கல்'. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஒரு கடையின் பின்னறையில், கலியாணங்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தோம். இசை தயாராக இருந்தது. பாடல் வரிகளை எழுதி வருவான் என்று ஒவ்வொருவரும் மற்றவனை நம்பியிருந்தோம்.

"இப்ப என்னத்த உறுமுற?" என்றான் லக்ஷன்.

அன்ரோ தின்ன வாங்கிய ரோல்ஸ் சுற்றி வந்த பத்திரிகைத்தாளை எண்ணெயோடு விரித்தான். மரண அறிவித்தல் பக்கம். "இத வாசிக்கன். ஆருக்கு மச்சான் விளங்கப் போகுது?"

ஏழு பாட்டுக்கும் ஏழு அறிவித்தல். சொன்னால் நம்பமாட்டீர்கள், அச்சொட்டாகப் பொருந்தியது. 'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று மெதுவாகத் தொடங்கும். 'அன்னார்' என்றதும் கிற்றார் இறங்கும். பிள்ளைகள், மருமக்கள் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும்போது லக்ஷனுக்கு இரண்டு காலும் போதவில்லை. 'இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடிக்கும்போது அறையின் ஓடு அதிர்ந்தது. உலகத்து டெத் மெட்டல்காரர்கள் சாவைப் பற்றிக் கற்பனை செய்து எழுதுகிறார்கள். எங்களிடம் கிரியை நடக்கும் நேரமே இருந்தது.

* (பக்கத்தின் அடியில் போட வேண்டியதை இங்கேயே போடுகிறேன், அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை. எங்கள் ஊர் மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர் மூப்பு வரிசையில் வரும். அதில் ஒரு பெயர் இல்லையென்றால் யாரும் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். குடும்பமே கூடியிருந்து, தேத்தண்ணி குடித்து, யோசித்து விட்டிருக்கிறார்கள். சொத்திலிருந்து ஒருவரை நீக்க நீதிமன்றம் வேண்டும். இதற்கு ஒரு காற்புள்ளி போதும்.)

4

இப்போது அன்ரோ என்ன செய்கிறான் என்று சொன்னால் நான் வேண்டுமென்றே புனைகிறேன் என்பீர்கள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக மரண அறிவித்தல் சொல்கிறான். உறுமி உறுமிப் பழுதான தொண்டை துக்கத்துக்கு நன்றாக எடுபடுகிறது. அவனுடைய மனைவி இமெல்டா தொலைபேசியைப் பார்த்துக்கொள்கிறாள். பாலத்துக்கு இந்தப்பக்கம் யார் செத்தாலும் அன்ரோவின் குரலில்தான் சாகிறார்கள். (இந்த வாக்கியத்தை வெட்ட வேண்டும். மிகவும் அழகாக இருக்கிறது.)

லக்ஷன் டோஹாவிலிருந்து 'கரையொதுங்க'லை இணையத்தில் ஏற்றினான். போலந்துக்காரர் கண்டுபிடித்து, கசெற்றாகப் போடப்போகிறேன், உள்ளே பாடல் தாள் வைக்க வேண்டும் என்று எழுதினார். அந்தச் சந்தோஷத்தில் அன்ரோ ஒரு யூடியூப் பையனுக்குப் பேட்டி கொடுத்து ரோல்ஸ் தாள் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, நாலாம் பாட்டின் அறிவித்தலை விளங்க வாசித்தும் காட்டிவிட்டான்.

அடுத்த கிழமை விதுர்ஷா வந்தாள்.

5

விதுர்ஷாவை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. "கண்கள் கலங்கியிருந்தன" என்று எழுதிப் பார்த்தேன். கலங்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே அன்ரோவின் வீட்டு வாசலில் நின்று எங்கள் இருவரோடும் கதைத்தாள். பின்னால் அவள் புருசன் ஷிஹான் மோட்டார் சைக்கிளை நிழலில் விட இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"நாலாம் பாட்டு எங்கட அப்பா" என்றாள்.

அன்ரோவின் முகம் போன போக்கை எழுத என்னால் முடியாது. "அக்கா, மன்னிச்சிக்கங்க. அந்தப் பாட்டத் தூக்கிருவம்."

"ஆரு தூக்கச் சொன்ன? என்ர பேரப் போடுங்க."

அவளுடைய அப்பா இராசதுரை சாவதற்கு முந்தின வருடம் அவள் காத்தான்குடி முஸ்லிமான ஷிஹானைக் கலியாணம் முடித்திருந்தாள். செத்த வீட்டு அறிவித்தலில் மூத்தவர் வினாயகமூர்த்தி இருந்தார், கடைசித் தங்கச்சி கஜானி இருந்தாள், நடுவில் அவள் இல்லை. முப்பத்தோராம் நாள் அட்டையிலும் இல்லை. பத்திரிகைக்குப் போய்த் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டாளாம். குடும்பத்தின் சம்மதத்தோடு வா என்றார்களாம்.

"அப்பாட அறிவித்தல் இனி எங்கயும் அச்சடிக்க மாட்டாங்க. உங்கட இந்தத் தாள்ல மட்டும்தான் அடிக்கப் போறாங்க. அதிலயும் நான் இல்லாட்டி மறுகா எங்க இருப்பன்?"

"அக்கா, இது போலந்தில நாப்பது பேரு வாங்குற கசெற்" என்றான் அன்ரோ.

"நாப்பது பேருக்காவது தெரியட்டுமே, அவருக்கு மூணு பிள்ள எண்டு."

ஷிஹான் நிழல் கண்டுபிடித்து வந்து சேர்ந்தான். "மருமக்கள் வரிசையில என்னையும் போடுங்கவன். பாட்டு ரெண்டு செக்கன் கூடும், அவ்வளவுதான்."

"நீங்க சும்மா இரிங்க" என்றாள் விதுர்ஷா. "முதல்ல நான் உள்ள போறன். மறுகா உங்கள இழுக்கன்."

அவர்கள் போன பிறகு அன்ரோ குந்தியிருந்து தலையில் கைவைத்தான். சிக்கல் இதுதான்: வினாயகமூர்த்தி அந்தப் பகுதி மரணாதார சங்கத் தலைவர். யாராவது கண்ணை மூடினால் பந்தல், கதிரை, சவப்பெட்டி, அறிவித்தல் எல்லாம் அவருடைய சொல்லில்தான் நடக்கும். அவர் வேறு ஆட்டோவைப் பிடித்தால் அன்ரோவின் அடுப்பு அணையும்.

"நான் எழுதித் தாறதத்தான் வாசிக்கிற ஆள்" என்றான் அன்ரோ. "ஆர விட்டாங்க, ஆர சேத்தாங்க எண்டு பாக்கிறது என்ர வேலையா?"

உள்ளேயிருந்து இமெல்டாவின் குரல் வந்தது. "அப்ப அந்த ரோல்ஸ் பேப்பர உங்களுக்கு ஆரு எழுதித் தந்த?"

6

பேட்டி வினாயகமூர்த்தியின் காதுக்கும் போயிற்று. வெள்ளைச் சேட்டோடு அன்ரோவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அடி விழும் என்று அன்ரோ என் கிற்றாரை உள்ளே வைத்துவிட்டு வந்தான்.

"அப்பாட சாவ வெச்சி ஆட்டம் போட்டிரிக்கிங்க, என்ன தம்பி? போடு கேப்பம்."

போட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். கையில் பத்திரிகை நறுக்கு. உறுமலுக்குள் அவர் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டார். பிறந்த இடம், வாழ்ந்த இடம், அம்மா சீதேவிப்பிள்ளை, பிள்ளைகள் என்று விரல் வரிவரியாக இறங்கிற்று. முடிந்ததும் நறுக்கை மடித்தார்.

"எல்லாம் சரி. ஒண்டு குறையுது. அப்ப நான் ஜே.பி. இல்ல. இப்ப சமாதான நீதவான். தாள்ல அத போடோணும்."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அண்ணன், போலந்துக்காரன் பாட்டில இல்லாதத அச்சடிக்க மாட்டானாம்" என்றேன். அது உண்மை. அதில் போலந்துக்காரர் கண்டிப்பாக இருந்தார்.

"அப்ப பாட்டில சேரு."

"சேக்கலாம். பட்டம் ஒண்டு சேக்கலாமெண்டா பேரு ஒண்டும் சேக்கலாம்தானே? அப்பாக்கு மூணு பிள்ளையெல்லோ?"

அன்ரோ என் காலை மிதித்தான். வினாயகமூர்த்தி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு கதிரையில் கால் ஒன்று ஆடுவதைக் கண்டவர் போலப் பார்த்தார்.

"அது பட்டம் தம்பி. அரசாங்கம் தந்தது. இது..."

'இது' என்பதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "பட்டத்த பதிஞ்சிட்டுச் சொல்லு, வந்து கேக்கன்" என்று போய்விட்டார்.

7

இந்த இடத்தில் முடிவு ஒன்று வேண்டும். கைவசம் இருந்தவை:

(அ) அண்ணன் மனம் மாறித் தங்கச்சி வீட்டுக்கு வட்டிலப்பம் சாப்பிடப் போகிறார். இன ஐக்கியம். இதற்கு நிச்சயம் ஏதோ ஒரு நிறுவனம் பரிசு தரும். அதனாலேயே வெட்டினேன்.

(ஆ) அம்மா சீதேவிப்பிள்ளையைச் சாகடிப்பது. புது அறிவித்தல், மறுபடி பெயர் இல்லை, அன்ரோ ஆட்டோவில் ஒலிவாங்கியோடு. நல்ல முடிவு. எழுதியும் விட்டேன். விதுர்ஷாவுக்கு அனுப்பினேன், வாசித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எங்கட அம்மா இப்பதான் கண் ஒப்பரேசன் செஞ்சி நல்லா இரிக்கா. அவவச் சாகடிக்க நீங்க ஆரு?"

"கதைக்காக, அக்கா."

"உங்கட அம்மாவச் சாகடிங்க."

வெட்டினேன்.

(இ) சொல்லாமல் கொள்ளாமல் பெயரைத் தட்டச்சுச் செய்து அனுப்பிவிடுவது; பாட்டில் அது இல்லை என்பது போலந்துக்காரருக்கும் விளங்காது. வினாயகமூர்த்தி போலந்துக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை. இதை அவளிடம் சொன்னேன். "ஒளிச்சி வெக்கிற எண்டா நான் இப்பயும் ஒளிச்சித்தானே இரிக்கன்" என்றாள்.

8

(இந்தப் பகுதியில் எங்கள் இசைச் சூழல் ஏன் அழிந்தது என்று ஒரு கட்டுரை இருந்தது. ஒருவன் டோஹா, ஒருவன் வங்கி, மூன்று பேர் கலியாணம். இதற்குக் கட்டுரை தேவையில்லை.)

9

பட்டத்தைப் பதிவு செய்ய அதே பின்னறைக்குப் போனோம். அன்ரோ 'சமாதான நீதவான்' என்று உறுமினான். உலகத்தில் அந்தச் சொற்களை யாரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பதவியின் முழுப் பாரமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விதுர்ஷாவும் ஷிஹானும் வந்திருந்தார்கள். நான்தான் வரச்சொன்னேன். அன்ரோ ஒலிவாங்கியை அணைத்தான்.

"அக்கா, நான் சொல்ல மாட்டன். என்ர குரல் உங்கட அண்ணனுக்கு மனப்பாடம். எனக்கும் ரெண்டு பிள்ள இரிக்கி."

விதுர்ஷா அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப நகருங்க" என்றாள். "நானே சொல்றன்."

அன்ரோவுக்கு அதற்கு மறுப்பு இருக்கவில்லை. குரல் அவனுடையது இல்லையென்றால் குற்றமும் அவனுடையது இல்லை. எப்படி என்று காட்டினான்: தொண்டையால் அல்ல, வயிற்றால். மூச்சை இடுப்பில் பிடித்து மேலே தள்ள வேண்டும். முதல் தடவை பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வது போல வந்தது. இரண்டாம் தடவை இருமல்.

"வீட்டில எனக்கு ஏசுற மாதிரி ஏசன்" என்றான் ஷிஹான்.

"உங்களுக்கு இவ்வளவு காணும். இது வேற ஆளுக்கு."

மறுபடி நின்றாள். கண்ணை மூடவில்லை, சுவரைப் பார்த்தபடி தன் பெயரைச் சொன்னாள். வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்திற்று. அன்ரோ அளவுமானியைப் பார்த்தான். முள் சிவப்பில் முட்டி நின்றது.

"விளங்குதா?" என்று கேட்டாள், இருமியபடி.

"ஒரு எழுத்தும் விளங்கல்ல" என்றான் அன்ரோ. இந்தத் துறையில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

10

வினாயகமூர்த்தி தன் பட்டத்தைக் கேட்க வந்தார். ஹெட்போன் கொடுத்தோம். மாட்டத் தெரியாமல் ஒருபக்கத்தை நெற்றியில் வைத்திருந்தார், இமெல்டா வந்து சரிசெய்தாள். நறுக்கை விரித்து விரலை வைத்தார். பட்டம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. உடனே அது போயிற்று.

"என்ர பட்டத்துக்குப் பிறகு ஒரு சத்தம் வருது. ஆரு அது?"

அன்ரோ நிலத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: "திருப்பிக் கேட்டுப் பாருங்க, அண்ணன்."

திரும்பப் போட்டேன். அந்த இடம் வந்ததும் விரல் நறுக்கில் நின்றுவிட்டது. அங்கே அவருடைய பெயருக்கும் கஜானிக்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

"சின்னனில இவட சைக்கிள நான் எடுத்துக்கொண்டு போனா, படலையில நிண்டு இப்படித்தான்..."

அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. (இதை நான் புனையவில்லை. எனக்கு மட்டும்தான் பாதியில் நிறுத்துகிற நோய் என்று நினைத்திருந்தேன்.)

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இதக் கேட்டா சனத்துக்கு விளங்குமா, தம்பி?"

"விளங்காது, அண்ணன்" என்றான் அன்ரோ.

"தாள்ல?"

அன்ரோ இமெல்டாவைப் பார்த்தான். இமெல்டா அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

"தாள்ல விளங்கும்."

வினாயகமூர்த்தி ஹெட்போனை மறுபடி மாட்டினார், இந்த முறை தானாகவே, சரியாக. "போடு" என்று கையைக் காட்டினார். கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு எழும்பி ஒரு சொல் சொன்னார்.

11

அந்தச் சொல் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

அவர் 'சேர்' என்று சொன்னார் என்று எழுதினால், நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டு நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போவீர்கள். 'எடு' என்று சொன்னார் என்று எழுதினால், கெட்ட மனிதர் என்று நினைத்துவிட்டு அதே தேத்தண்ணியைத்தான் குடிக்கப் போவீர்கள். இரண்டிலும் அவள் உங்களுக்கு ஒரு கதையாகப் போய்விடுவாள். அவர் என்ன சொன்னாலும் இராசதுரைக்கு மூன்று பிள்ளைகள். அதற்கு அவருடைய சம்மதம் எதற்கு? என்னுடையதுதான் எதற்கு?

போலந்துக்காரர் நேற்றும் கேட்டிருந்தார். நாலாம் பாட்டின் வரி என் கணினியில் இப்படி நிற்கிறது:

'அன்னார் சீதேவிப்பிள்ளையின் அன்புக் கணவரும், வினாயகமூர்த்தி (சமாதான நீதவான்), (                ), கஜானி ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்.'

நடுவில் எழுத வேண்டிய பெயர் உங்களுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வாசித்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. எழுதுவதானால் எழுதிவிட்டு, அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள்.

உறும வேண்டாம். விளங்க வேண்டும்.